ஒரு கட்டம் ஐந்து அடி

பகலில் நான் தப்பிக்கும் வழி வரைகிறேன்.
வூப்பர்டாலில், மூன்றாம் மாடி அலுவலகம்;
ஜன்னலுக்கு நேரே தொங்குரயில்
அடிவயிற்றைக் காட்டிக்கொண்டு போகும்.
பள்ளிக்கூடம், நீச்சல்குளம், சாயத் தொழிற்சாலை,
எதுவானாலும் பச்சை அம்பு, சிவப்பில் தீயணைப்பான்,
‘நீங்கள் நிற்குமிடம்’ என்று ஒரு நீலப்புள்ளி.

வெள்ளி இரவுக்காக வரைவது
தப்பிக்க முடியாத இடங்கள்.
பரிசுப்பொருள் சுற்றும் தாளின் முதுகில்
நேராக வெட்டுவதற்கென்று கட்டம் அடித்திருப்பார்கள்.
சுருள் இரண்டு யூரோ சொச்சம்.
ஒரு கட்டம் ஐந்து அடி.

அம்மா போனில் சொன்னாள்:
“உனக்கு இந்த வருசம் கட்டம் சரியில்லையாம்.”
ஸ்கேலை வைத்துப் பார்த்தேன்.
இரண்டரை சென்டிமீட்டர். சரியாகத்தான் இருந்தது.

இந்த முறை கோப்ளின்களின் நிலவறை.
மூன்று வாரம் பிடித்தது.
சுவரோரம் குறுக்குக்கோடுகளை
நெருக்க நெருக்க இருட்டு கூடும்.
பாலம் ஒரே கட்டம் அகலம்,
ஒருவர் பின் ஒருவராகத்தான் வர முடியும்.
வில்லாளிகள் ஒளிய நான்கு தூண்.
கிழக்கு மூலை வெறிச்சென்று கிடந்ததால்
அங்கே அடுப்பும் ஒரு பானையும்.
வாசல் ஒன்று.
ஆடுபுலி ஆட்டத்தில் புலியை அடைப்பதுபோல
அடைத்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

எமினெ, யான்-பீட்டர், சேந்தன், டோர்த்தெ.
சேந்தனின் மந்திரவாதி வைத்திருக்கும் நெருப்பு
எட்டுக் கட்டம் விரியும், ஒரே வீச்சில்.
டோர்த்தெ பகடையை உருட்டாமல்
உள்ளங்கையிலேயே வைத்திருந்தாள்.
“இங்கே இவர்கள் குடியிருக்கிறார்களா?”
“ஆமாம்.”
“பானை இருக்கிறதே.”
“ஆமாம்.”
“ஒரே வாசல் வைத்துக்கொண்டு எவன் குடியிருப்பான்?
அதுவும் நீ வரைந்த வீட்டில்!”

எல்லோரும் சிரித்தார்கள்.
யான்-பீட்டர் சிரித்த சிரிப்பில்
சிப்ஸ் தூள் பாலத்தின் மேல் உதிர்ந்தது.
ஆட்டம் நடத்துபவள் நான், என் சொல்தான் அங்கே சட்டம்.
அட்டைத் திரைக்குப் பின்னால் பகடையை உருட்டினேன்,
எதற்கென்று எனக்கே தெரியாமல்.
பதினேழு.
பானைக்குப் பின்னால் சுவரில் ஒரு கட்டத்தை அழித்தேன்.

பாலம் கடந்து அவர்கள் உள்ளே பாய்ந்தபோது
தூண்களுக்குப் பின்னால் யாருமில்லை.
அடுப்பு சுட்டது. கூழ் கொதித்துக்கொண்டிருந்தது.
“சண்டையே கிடையாதா? இதற்கா
சோலிங்கனிலிருந்து ரயில் பிடித்து வந்தேன்?” என்றான் சேந்தன்.
எமினெ கூழைக் கிண்டி ருசி பார்க்கிறேன் என்றாள்.
உப்பு போதவில்லை என்று
நான் சொல்ல வேண்டியதாயிற்று.

திங்களன்று மேசையில் ஒரு முதியோர் இல்லம்.
அறை பதினான்கு, தாழ்வாரத்தின் கடைக்கோடி.
முப்பத்தைந்து மீட்டருக்குள் படிக்கட்டு இருந்தால் போதும்.
இருபத்தொன்பதில் இருக்கிறது.
விதிக்குத் திருப்தி.
நான் கட்டத்தில் எண்ணிப் பார்த்தேன்: பத்தொன்பது.
வாளேந்தியவனுக்கு ஒரு முறைக்கு ஆறு கட்டம்.
தள்ளுவண்டியைப் பிடித்து நடக்கும் ஒருத்திக்கு
ஒன்று, முழங்கால் வலிக்காத நாளில் இரண்டு.
நெருப்புக்கு எத்தனை?
சேந்தனைக் கேட்டால் சொல்வான்.

கட்டடக் கலைஞருக்கு எழுதினேன்,
பதினான்குக்கு அந்தப் பக்கம் ஒரு கதவு வைக்க இயலுமா என்று.
பத்து நிமிடத்தில் பதில், வெகு மரியாதையாக:
கட்டடத்தைப் பார்த்துத்தான் வரைபடம் போட வேண்டும்,
வரைபடத்தைப் பார்த்துக் கட்டடம் அல்ல.

உண்மைதான்.
பச்சை அம்பை இழுத்தேன், பத்தொன்பது கட்டத்துக்கும்.
பிறகு கோப்பை மூடாமல்
மறுபடி ஆரம்பித்தேன்: “மதிப்பிற்குரிய ஐயா,”

வெள்ளிக்கு நான்கு நாள்தான்.
பானையை விட்டுவிட்டு ஓடியவர்கள்
எங்கே போய் ஒதுங்கினார்கள் என்று வரைந்தாக வேண்டும்.
சமையலறை மேசையில் புதுச் சுருளை விரித்து
நான்கு மூலைக்கும் நான்கு கோப்பை வைத்தேன்.
இரண்டு வாசல் போட்டாயிற்று.
நடுவே
இன்னும் வீடு இல்லை.